பூச்சிப் பால்: சந்தேகங்களும் விளக்கங்களும்

‘கரப்பான் பூச்சியின் பால் பசும்பாலைவிடச் சத்தானது’, ‘புழுவில் இருந்து ஐஸ்கிரீம்’ என்ற செய்திகள் 2016-ஆம் ஆண்டு முதல் அவ்வப்போது சமூக ஊடகங்களில் வலம் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியமும் சிங்கப்பூரும் சில பூச்சிகளை மனித உணவாக அனுமதித்த பிறகு, ‘நம் ஊர் பால் பாக்கெட்டிலும் இது கலந்துவிடுமா?’ என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. பெங்களூரு ஆய்வகம், தென்னாப்பிரிக்க ஐஸ்கிரீம், ஐரோப்பியச் சட்டம் ஆகிய மூன்று தனித்தனிச் செய்திகள் ஒன்றாகக் கலந்துபோனதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். அவற்றைப் பிரித்து விளக்கும் தொகுப்பு இது.

பூச்சிப் பால் என்றால் என்ன?

இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் பேசப்படுகின்றன. ஒன்று, ஒருவகைக் கரப்பான் பூச்சி தன் கருவுக்கு ஊட்டும் சத்து நீர். இது ஆய்வகத்தைத் தாண்டி வரவில்லை. மற்றொன்று, பண்ணையில் வளர்த்த புழுக்களை நீருடன் அரைத்து வடிகட்டி எடுக்கும் பால் போன்ற திரவம். உணவுப் பொருளாக விற்பனைக்கு வந்தது இரண்டாவது மட்டுமே.

பூச்சிகள் பால் கொடுக்குமா?

பாலூட்டிகளுக்கு உள்ளதுபோன்ற பால் சுரப்பி எந்தப் பூச்சிக்கும் இல்லை. ஆனால், குட்டியை உடலுக்குள்ளேயே வளர்க்கும் சில பூச்சிகள் அதற்கென ஓர் ஊட்டத் திரவத்தைச் சுரக்கின்றன. ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயும் இவ்வாறே தன் புழுவை வளர்க்கிறது. அந்தத் திரவத்தை ஆய்வாளர்கள் வசதி கருதிப் ‘பால்’ என்று குறிப்பிடுகிறார்கள்.

வீட்டுச் சமையலறையில் ஓடும் கரப்பான் பூச்சிக்கும் இந்தப் பால் உண்டா?

இல்லை. வீடுகளில் காணப்படும் இனங்கள் கூடு போன்ற உறையில் முட்டையிடுபவை. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, ஹவாய் உள்ளிட்ட பசிபிக் தீவுகளில் காணப்படும் ‘டிப்ளாப்டெரா பங்டேட்டா’ என்ற இனம். இது முட்டையை வெளியே இடாமல், கருவை உடலுக்குள் ஊட்டி வளர்த்துக் குட்டியாக ஈனுகிறது.

இதைக் கண்டறிந்தவர்கள் யார்?

இந்தக் கரப்பான் பூச்சியின் இனப்பெருக்கத்தை அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்பரா ஸ்டே பல ஆண்டுகள் ஆய்வு செய்தார். அந்தப் பாலில் உள்ள புரதம் குட்டியின் வயிற்றுக்குள் படிகமாக மாறுகிறது. அப்படிகத்தின் அணு அமைப்பைப் பெங்களூரு ‘இன்ஸ்டெம்’ நிறுவனத்தில் எஸ்.ராமசாமி, சஞ்சாரி பானர்ஜி உள்ளிட்டோர் அடங்கிய பன்னாட்டுக் குழு 1.2 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வரைந்து காட்டியது. ஆய்வுக் கட்டுரை 2016-இல், சர்வதேசப் படிகவியல் ஒன்றியத்தின் ஆய்விதழில் வெளியானது.

பசும்பாலைவிட மூன்று மடங்கு சத்து என்பது உண்மையா?

ஒரு படிகத்தில், அதே எடையுள்ள கால்நடைப் பாலைப்போல மூன்று மடங்குக்கும் மேலான ஆற்றல் இருக்கலாம் என்பதே கட்டுரையின் மதிப்பீடு. ஆற்றல் என்பது கலோரிக் கணக்கு. எல்லாச் சத்துகளும் மூன்று மடங்கு என்று அதற்குப் பொருள் இல்லை. மேலும், படிகம் திடப்பொருள். பசும்பாலிலோ ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர். 100 கிராம் பசும்பால் 60 முதல் 65 கிலோ கலோரி தரும் என்றால், அதே எடை கொழுப்பு நீக்காத பால் பவுடர் 500 கிலோ கலோரி அளவுக்குத் தரும் என்பதால், இதே ஒப்பீட்டில் பால் பவுடர் ஏழு மடங்குக்கு மேல் ‘சத்தானது’ ஆகிவிடும்.

கரப்பான் பூச்சியை எப்படிக் கறக்கிறார்கள்?

கறப்பதில்லை. தாய்ப்பூச்சியின் உடலுக்குள் வளரும் கருவின் நடுக்குடலைத் திறந்து, அங்கே திரண்டிருக்கும் நுண்படிகங்களை ஆய்வாளர்கள் எடுத்தார்கள். இந்த முறையில் ஒரு குவளை அளவு சேர்ப்பதுகூட நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால், இந்தப் புரதத்துக்குரிய மரபணுவை ஈஸ்ட்டில் செலுத்தித் தொட்டியில் உற்பத்தி செய்யும் யோசனையை ஆய்வுக் குழு முன்வைத்தது. அந்த வழியில் விற்பனைப் பொருள் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஐஸ்கிரீம் செய்தது எதில்?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 2017-இல் தொடங்கப்பட்ட ‘கூர்மே கிரப்’ என்ற நிறுவனம், கருப்பு சிப்பாய் ஈயின் புழுக்களை அரைத்து ‘என்டோமில்க்’ என்ற திரவத்தைத் தயாரித்தது. உணவு அறிவியலாளர் லியா பெஸ்ஸா இதன் நிறுவனர்களில் ஒருவர். சாக்லேட், வேர்க்கடலை வெண்ணெய், கிறிஸ்துமஸ் மசாலா ஆகிய சுவைகளில் அந்த ஐஸ்கிரீம் அறிமுகமானது. இதற்கும் கரப்பான் பூச்சிக்கும் தொடர்பு இல்லை.

கருப்பு சிப்பாய் ஈ என்பது எது? வீட்டு ஈயா?

வீட்டு ஈ அல்ல. ‘பி.எஸ்.எஃப்.’ என்ற சுருக்கப் பெயரில் குப்பை மேலாண்மைத் துறையினரும் கோழி, மீன் வளர்ப்போரும் அறிந்த வேறொரு இனம் இது. வளர்ந்த ஈயின் ஆயுள் சில நாள்களே. தனக்கு வேண்டிய புரதத்தையும் கொழுப்பையும் அது புழுப் பருவத்திலேயே சேர்த்துக்கொள்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் (சிபா), இறால் தீவனத்தில் இந்தப் புழுவைச் சேர்ப்பது குறித்த ஆய்வுகளில் ஈடுபட்டுள்ளது.

புழுவிலிருந்து ‘பால்’ எடுப்பது எப்படி?

வளர்ந்த புழுக்களைக் குடல் காலியாகும்வரை இரையின்றி வைத்து, பிறகு உறையவைத்தோ கொதிநீரில் அமிழ்த்தியோ கொல்கிறார்கள். கழுவி, நீர் சேர்த்து அரைத்து, தோல் சக்கையை வடிகட்டி நீக்கினால் கொழுப்பும் புரதமும் கலந்த வெண்மையான திரவம் கிடைக்கும். தேங்காய்ப் பால் பிழிவதற்கும் இதற்கும் செய்முறையில் பெரிய வேறுபாடு இல்லை. சூடுபடுத்திக் கிருமி நீக்குவது கூடுதல் கட்டம்.

குப்பையிலும் சாக்கடையிலும் வளர்ந்த புழுவா இது?

உணவுக்காக வளர்க்கும் புழுவுக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பண்ணைப் பூச்சிகள் கால்நடைகளுக்குச் சமம். சாணம், உணவகக் கழிவு ஆகியவற்றை அவற்றுக்கு இரையாகத் தரத் தடை உள்ளது. சிங்கப்பூரும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பண்ணையில் வளர்த்த பூச்சிகளையே ஏற்கிறது. காட்டிலிருந்து பிடித்தவற்றுக்கு அனுமதி இல்லை. ‘கழிவைப் பாலாக மாற்றும் தொழில்நுட்பம்’ என்ற விளம்பர வாசகம் இந்த விதிகளோடு பொருந்தாது.

புரதம் மிக அதிகம் என்கிறார்களே, எவ்வளவு?

திரவத்தில் உள்ள புரதம் எவ்வளவு நீர் சேர்த்து அரைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. எனவே எல்லாத் தயாரிப்புக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. புழுவின் புரதக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமாக, உணவில் உள்ள நைட்ரஜன் அளவை 6.25 ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவார்கள். பூச்சியின் தோலில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருப்பதால் அதுவும் புரதமாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று முழுப் புழுவுக்கு 4.76 ஆல் பெருக்குவதே சரி என்றது. அதன்படி, உலர் எடையில் 8 சதவீத நைட்ரஜன் உள்ள புழுவின் புரதம் 50 சதவீதத்திலிருந்து 38 சதவீதமாகக் குறையும்.

கொழுப்பு எப்படிப்பட்டது?

கருப்பு சிப்பாய் ஈப் புழுவின் கொழுப்பில் முதலிடம் லாரிக் அமிலத்துக்கு. தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பதும் இதே நிறைவுற்ற கொழுப்பு அமிலம்தான். எனவே, ‘கொழுப்புப் பிரச்சினை இல்லாத பால்’ என்று இதைக் கருத இடமில்லை.

லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடிக்கலாமா?

லாக்டோஸ் என்பது பாலூட்டிகளின் பாலில் மட்டும் உள்ள சர்க்கரை. பூச்சியில் அது இல்லை; அதனால் வயிற்று உப்புசம் போன்ற லாக்டோஸ் தொல்லை இந்தத் திரவத்தால் வராது. ஆனால், சோயா பால், பாதாம் பால் போன்றவற்றிலும் லாக்டோஸ் இல்லை என்பதால் இது பூச்சிப் பாலுக்கே உரிய தனிச் சிறப்பு அல்ல.

கால்சியம் கிடைக்குமா?

கருப்பு சிப்பாய் ஈப் புழுவின் தோலில் கால்சியம் படிந்திருப்பதால், பிற பூச்சிகளைவிட இதில் கால்சியம் அதிகம். ஆனால், தயாரிப்பின்போது வடிகட்டி நீக்கப்படுவதும் அந்தத் தோல்தான். திரவத்தில் மிஞ்சும் அளவை அந்தந்தத் தயாரிப்பின் சத்து அட்டவணையைப் பார்த்தே அறிய வேண்டும்.

இதில் டீ போடலாமா? தயிர் உறையுமா?

பசும்பால் தயிராவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: உறைக் கிருமிகள் உண்ண லாக்டோஸ், இறுகிக் கட்டியாக கேசின் என்ற புரதம். பூச்சியில் இரண்டுமே இல்லாததால் வழக்கமான தயிரோ பனீரோ இதில் கிடைக்காது. சூடான காபி, டீயில் சோயா பால் சில நேரம் திரிவதுபோல இதுவும் திரியக்கூடும். அதைத் தடுக்கக் கூடுதல் சேர்மானங்கள் தேவைப்படும். ஐஸ்கிரீம் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது வியப்பல்ல: குளிரும் இனிப்பும் வாசனைப் பொருளும் பல குறைகளை மறைத்துவிடும்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

கைக்குழந்தைகளுக்கான பால் உணவாக இது எங்கும் உருவாக்கப்படவில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. தாவரப் பால் வகைகளைப் போலவே இதையும் கைக்குழந்தைக்குப் பாலின் இடத்தில் கொடுக்கக் கூடாது.

இறால் சாப்பிட்டால் அலர்ஜி வருபவர்களுக்கு ஆபத்தா?

ஆபத்து உண்டு; பூச்சி உணவு குறித்த எச்சரிக்கைகளில் இதுவே முதன்மையானது. இறால், நண்டு ஆகியவற்றில் ஒவ்வாமையைத் தூண்டும் டிரோபோமையோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் ஏறத்தாழ அதே வடிவில் இருக்கிறது. இறால் வகை, சிப்பி வகை, வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணி ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பாதிப்பு வரலாம் என்ற வாசகத்தைப் பூச்சி சேர்ந்த உணவின் லேபிளில் அச்சிட ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயப்படுத்தியுள்ளது. சமைப்பதால் இந்தப் புரதம் எளிதில் அழிவதில்லை.

கரப்பான் பூச்சிப் பாலின் புரதத்துக்கும் ஒவ்வாமை வருமா?

அந்தப் புரதம் லிப்போகாலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வீட்டுக் கரப்பான் பூச்சியால் வரும் ஒவ்வாமைக்குக் காரணமான புரதங்களுள் ஒன்றான ‘பிளா ஜி 4’, பசும்பால் ஒவ்வாமையோடு தொடர்புடைய பீட்டா லாக்டோகுளோபுலின் ஆகிய இரண்டும் இதே குடும்பம். எனவே, மனித உணவாகப் பரிசீலிக்கும் முன் ஒவ்வாமைச் சோதனை தவிர்க்க முடியாதது.

கிருமிகள் பற்றி?

கோழியையோ மீனையோ போலக் குடலை நீக்கிவிட்டுப் புழுவை அரைக்க முடியாது. குடலில் உள்ள நுண்ணுயிரிகளும் சேர்ந்தே அரைபடும். அதனால்தான் மாவுப்புழு வகைகளைக் குறைந்தது 24 மணி நேரம் இரையின்றி வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. சூடுபடுத்தினால் பெரும்பாலான கிருமிகள் அழியும். ஆனால் பாசில்லஸ் வகையின் வித்துகள் சூட்டைத் தாங்கும். தயாரித்த பின் குளிர்நிலை மாறாமல் காப்பது, பசும்பாலைப் போலவே, இங்கும் இன்றியமையாதது.

எந்தெந்தப் பூச்சிகளை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்துள்ளது?

முதல் அனுமதி 2021 ஜூன் மாதம் மீல்வார்ம் எனப்படும் மஞ்சள் மாவுப்புழுவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வெட்டுக்கிளி இனம் ஒன்றும், 2022 பிப்ரவரியில் சுவர்க்கோழியும், 2023 ஜனவரியில் சிறு மாவுப்புழுவும் சேர்க்கப்பட்டன. கருப்பு சிப்பாய் ஈ மனித உணவுக்கான இந்த நான்கில் இல்லை. அது தீவனமாக மட்டும் ஏற்கப்பட்டுள்ளது: மீன்களுக்கு 2017 முதல், கோழி, பன்றிகளுக்கு 2021 முதல்.

அப்படியானால் தென்னாப்பிரிக்காவின் அந்த ஐஸ்கிரீமை ஐரோப்பாவில் விற்க முடியாதா?

கருப்பு சிப்பாய் ஈக்குத் தனி அனுமதி பெறாதவரை முடியாது. அனுமதி இனத்துக்கு இனம் தனித்தனியானது. ஓர் இனத்துக்குள்ளும், உலர்ந்தது, உறைந்தது, பொடி, கொழுப்பு நீக்கிய பொடி என வடிவத்துக்கு வடிவம் அது மாறும்.

உணவில் எவ்வளவு பூச்சிப் பொடி சேர்க்கலாம்?

எந்த உணவில் எத்தனை கிராம் என்பது ஒவ்வோர் அனுமதியிலும் குறிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, புற ஊதாக் கதிரில் பதப்படுத்திய மாவுப்புழுப் பொடிக்கு 2025 ஜனவரியில் வந்த அனுமதி ரொட்டி, பாஸ்தா, பாலாடைக்கட்டி போன்ற குறிப்பிட்ட உணவுகளுக்கு மட்டுமே. அதிகபட்ச அளவு 100 கிராமுக்கு 4 கிராம். பட்டியலில் இல்லாத உணவில் சேர்த்தால் அது சட்டமீறல்.

ஐரோப்பாவில் மக்களுக்குத் தெரியாமல் பாலில் பூச்சி கலக்கிறார்கள் என்ற காணொலி உண்மையா?

தெரியாமல் கலக்க அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை. பூச்சி சேர்ந்த உணவின் சேர்மானப் பட்டியலில் அதன் அறிவியல் பெயரையும் வழக்குப் பெயரையும் அச்சிட வேண்டும். எந்த உணவிலும் பூச்சியைச் சேர்த்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அனுமதி என்பது விற்க விரும்பும் நிறுவனத்துக்கான உரிமை மட்டுமே.

ஐரோப்பாவில் ஒரு புதிய பூச்சிக்கு அனுமதி பெற எவ்வளவு காலம் ஆகும்?

2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதுவகை உணவுச் சட்டத்தின்படி, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒன்பது மாதங்களுக்குள் அறிவியல் கருத்தைத் தர வேண்டும். அதற்குப் பின் ஏழு மாதங்களுக்குள் அனுமதிக்கான வரைவு ஆணை முன்வைக்கப்பட வேண்டும். கூடுதல் தரவு கேட்கப்படும்போதெல்லாம் கடிகாரம் நிறுத்தப்படும் என்பதால், நடைமுறையில் இதைவிட அதிக காலம் ஆகிறது.

சிங்கப்பூரில் என்ன நிலை?

சிங்கப்பூர் உணவு முகமை 2024 ஜூலை 8 அன்று 16 பூச்சி இனங்களை அனுமதித்தது. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, மாவுப்புழு, பட்டுப்புழு ஆகியவை அவற்றுள் அடங்கும். கருப்பு சிப்பாய் ஈ இல்லை. பொட்டலத்தில் விற்கும் பூச்சி உணவு, அது பூச்சி உணவு என்பது வாங்குபவருக்குத் தெரியும்படி லேபிள் கொண்டிருக்க வேண்டும். பட்டியலுக்கு வெளியே உள்ள இனங்கள் புதுவகை உணவாக மதிப்பிடப்பட்ட பிறகே விற்பனைக்கு வர முடியும்.

இந்தியாவில் பூச்சிப் பாலுக்கு அனுமதி உண்டா?

இந்தியத் தர விதிகளில் பூச்சிப் பாலுக்கென எந்த வரையறையும் இல்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-இன் 22-ஆவது பிரிவு, புதுவகை உணவுகளை விதிகளுக்கு உட்படாமல் தயாரிக்கவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ தடை விதிக்கிறது. தரம் வரையறுக்கப்படாத உணவுகளுக்கு 2017-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் முன் அனுமதி தேவை. அனுமதி கோரும் நிறுவனமே பாதுகாப்புத் தரவுகளையும் தர வேண்டும்.

அனுமதி கிடைத்தால் ‘பால்’ என்ற பெயரில் விற்கலாமா?

விற்க முடியாது. கறவை விலங்கின் மடியில் இருந்து கறக்கப்படுவதே பால் என்பது இந்திய விதி. சோயா, பாதாம் பானங்களைப் பால் என்ற பெயரில் விற்பதற்கு எதிராக ஆணையம் 2021-இல் நடவடிக்கை எடுத்தது. தேங்காய்ப் பால் போன்ற வழக்கூன்றிய பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஐரோப்பிய நீதிமன்றமும் 2017 ஜூன் 14 அன்று ‘டோஃபுடவுன்’ வழக்கில் இதே முடிவுக்கு வந்தது.

இது சைவமா, அசைவமா?

அசைவம். விலங்குகளின் உடலோ உடற்பகுதியோ சேர்ந்த உணவு அசைவம் என்பது இந்திய லேபிள் விதி; பால், தேன் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. இங்கு பூச்சி கொல்லப்பட்டு அரைக்கப்படுவதால் அந்த விலக்கைக் கோர முடியாது. பழுப்பு நிறச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்ற அசைவக் குறி இடம்பெற வேண்டும்.

இப்போது விற்கும் மிட்டாய், ஐஸ்கிரீம்களில் ஏற்கெனவே பூச்சி இருக்கிறதா?

பூச்சியிலிருந்து கிடைக்கும் இரண்டு சேர்மானங்கள் உலக அளவில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. கள்ளிச் செடியில் வாழும் கோசினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தின் எண் 120. மிட்டாய்க்குப் பளபளப்பு தரும் அரக்குப் பூச்சின் எண் 904. வெளிநாட்டுப் பொட்டலங்களில் இந்த எண்களைக் காணலாம். இவை நிறத்துக்கும் மெருகுக்கும் சேர்ப்பவை. பூச்சிப் பாலோடு தொடர்பற்றவை.

ஈசலை வறுத்துத் தின்னும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டே, அதற்கும் அனுமதி வேண்டுமா?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு வணிகத்துக்கானது; வீட்டில் சமைத்து உண்பதை அது கட்டுப்படுத்துவதில்லை. வடகிழக்கு மாநிலங்களில் பட்டுப்புழுக் கூட்டுப்புழுவும், ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் முசுறு எறும்புச் சட்னியும் வழக்கமான உணவு. அந்த எறும்புச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு என்பது ஊர்ப் பெயருக்கான பாதுகாப்பே தவிர உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல.

உலகில் எத்தனை பேர் பூச்சி உண்கிறார்கள்?

ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகள் இடம்பெறுவதாகவும் 1,900-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்ணப்படுவதாகவும் கூறியது. 200 கோடி என்ற எண் மிகையான மதிப்பீடு என்ற விமர்சனம் பின்னர் எழுந்தது. வறுத்தும் சுட்டும் உண்பதே பெருவழக்கு. பால் போலக் குடிக்கும் மரபு எங்கும் பரவலாக இல்லை.

பசு வளர்ப்பைவிடச் சூழலுக்கு நல்லது என்பது எந்த அளவுக்கு உண்மை?

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் மாவுப்புழுப் பண்ணையை ஆராய்ந்தனர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் புழு தரும் அதே அளவு புரதத்தைப் பாலாகப் பெற 2.5 ஹெக்டேரும், மாட்டிறைச்சியாகப் பெற ஏறத்தாழ 10 ஹெக்டேரும் தேவை என்று அவர்கள் கணக்கிட்டனர். ஆற்றல் செலவில் மட்டும் புழுவுக்குப் பெரிய ஆதாயம் இல்லை. குளிர்நாட்டில் பண்ணையைச் சூடாக வைத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் கணக்கு முழுப் புழுவுக்கானது. அரைத்து, வடித்து, குளிரூட்டிப் பானமாக்கும் செலவு இதில் சேரவில்லை.

குறைந்த தீனியில் வளரும் என்கிறார்களே?

ஒரு கிலோ எடை கூடப் பூச்சிக்கு 2 கிலோ தீனியும் மாட்டுக்கு 8 கிலோ தீனியும் வேண்டும் என்று மேற்கண்ட ஐ.நா. அறிக்கை குறிப்பிட்டது. ஆனால் 2015-இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில், கோழித் தீவனம் கொடுத்து வளர்த்த சுவர்க்கோழிகள் புரதத்தைத் திருப்பித் தருவதில் கோழியைவிடச் சற்றே மேம்பட்டிருந்தன. தரம் குறைந்த கழிவை மட்டும் தின்றவற்றில் பெரும்பாலானவை அறுவடைக்கு முன்பே செத்துவிட்டன. நல்ல தீனி கொடுத்தால்தான் நல்ல விளைச்சல் என்ற பழைய கணக்கு இங்கும் மாறவில்லை.

இந்தியாவில் பால் தட்டுப்பாட்டுக்கு இது தீர்வாகுமா?

உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. 2023-24-இல் உற்பத்தி 23.93 கோடி டன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 471 கிராம் என்பது மத்திய அரசின் கணக்கு. பூச்சிப் பால் எந்த நாட்டிலும் இந்த அளவின் அருகில்கூட இல்லை. பூச்சி வளர்ப்பு இங்கு இப்போதைக்குப் பயன்படக்கூடிய இடம் இறால், கோழித் தீவனம்தான்.

விலை என்ன? எப்போது கடைக்கு வரும்?

ஒப்பிட்டுச் சொல்லும் அளவுக்குச் சந்தை உருவாகாததால் நிலையான விலை இல்லை. பூச்சித் தொழிலில் பெரிய நிறுவனங்களின் கவனம் கால்நடைத் தீவனத்திலும் செல்லப் பிராணி உணவிலும் உள்ளது. அதிலும் இடர் உண்டு: பெரும் முதலீடு திரட்டிய பிரான்ஸின் ‘இன்செக்ட்’ நிறுவனம் 2024 செப்டம்பரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரி, 2025-இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. இந்தியக் கடைகளுக்கு இந்தத் தேதியில் வரும் என்று சொல்லப்படும் எந்தத் தகவலுக்கும் அடிப்படை இல்லை.

பசு இல்லாமல் ஆய்வகத்தில் செய்யும் பாலும் இதுவும் ஒன்றா?

வேறு வேறு. அமெரிக்காவின் ‘பெர்ஃபெக்ட் டே’ போன்ற நிறுவனங்கள் பசுவின் மரபணுத் தகவலைப் பூஞ்சையில் செலுத்தி, பசும்பாலில் உள்ள அதே மோர்ப் புரதத்தைத் தொட்டியில் உற்பத்தி செய்கின்றன. அதில் பூச்சி எதுவும் இல்லை. ஆனால் பசும்பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாது.

யாரேனும் ‘பூச்சிப் பால் பவுடர்’ என்று இணையத்தில் விற்றால்?

இந்தியாவில் சட்டப்படி விற்கப்படும் பொட்டல உணவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சேர்மானப் பட்டியல், சைவ அல்லது அசைவக் குறி ஆகியவை இருக்க வேண்டும். உரிம எண் யாருடையது, எந்த உணவுக்குரியது என்பதை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். எண் இல்லாத பொட்டலம் குறித்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் அளிக்கலாம். மாதிரியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உண்டு.